அடியில ஒட்டியிருந்தது

1

போன செவ்வாக்கிழமை காலையில, ஒரு பொம்பளையோட ஏழு வார வேலைய நான் கழுவி ஊத்திட்டேன். அரைகுறையா இல்ல. சோப்பு போட்டு, பிரஷ் விட்டுத் தேச்சு, சுடுதண்ணியில மூணு வாட்டி அலசி, கவுத்து வச்சேன். ஆறு சோதனைக் குழாயும் பளபளன்னு இருந்திச்சு. வேலைய ஒழுங்கா செஞ்சதுக்காக வேல போகப் பாத்த மொத ஆளு நாந்தான்னு நெனைக்கிறேன்.

கண்டிப் பக்கம் ஹந்தானையில இருந்தும் கெலிஓயாவுல இருந்தும் "மச்சான், சுவிஸ் எப்படிடா, எங்களையும் கூப்புடுறா"ன்னு எழுதுற பயலுக எல்லாத்துக்கும் சேத்து இது ஒரே பதில். தனித்தனியா எழுத எனக்குக் கையும் வராது, பொறுமையும் கெடையாது. எட்டாம் வகுப்போட நின்ன ஆளு. எழுத்துப் பெழை இருந்தா சிரிச்சுக்கங்க, திருத்தி அனுப்பாதீங்க. தோட்டத்துக் கடையில வச்சு யாராவது சத்தமா வாசிங்க. என்னைய மாதிரியே கொரல் போட்டு வாசிச்சான்னா வந்து ஒதைப்பேன். வர முடிஞ்சா.

அந்த 'வர முடிஞ்சா' தான் விசயம். இங்க தங்குறதுக்கு எனக்கு ஒரு அட்டை இருக்கு. வருசா வருசம் புதுப்பிக்கணும். இந்த மாசத்தோட நான் வந்து மூணு வருசம், அட்டையும் இந்த மாசத்தோட முடியுது. 'இவன் எங்ககிட்ட வேல செய்றான், இவன் எங்களுக்கு வேணும்'னு வேலை எடத்துப் பெரியவர் கையெழுத்து வச்சுக் கடிதம் குடுத்தா அட்டை. கடிதம் இல்லாட்டி பிளேன். கண்டியில சண்டை இல்லையே, அப்பறம் எதுக்கு வந்தேன்னு மொத நாளே கேட்டவனுக இவனுக. இவனுக மேப்புல வடக்கும் கெழக்கும் செவப்பு, கண்டி பச்சை. பச்சையில இருந்து வந்தவன் பொய்க்காரன்.

அன்னைக்கு எனக்கு மொழிபெயர்க்க வந்தவரு யாழ்ப்பாணத்துக்காரர். "தோட்டத்துல பொறந்தேன், அப்பாவும் தோட்டத்துல தான் வேல"ன்னு நான் சொன்னேன். அவரு என்னத்தச் சொன்னாரோ, தேயிலைத் தோட்டத்துல வேல பாத்த எங்கப்பா, என் ஃபைல்ல இன்னைக்கும் பூந்தோட்டக்காரர். ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு ஒபீசர், "உங்க அப்பா என்ன பூ வளத்தாரு?"ன்னு கேக்குறான். போன வருசம் ரோசாப்பூன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டான்.

2

நான் வேல பாக்குறது மூளைய ஆராயுற எடம். சிரிச்சு முடிங்க, பொறகு வாசிங்க.

எலி மூளையில இருந்து என்னமோ எடுத்து, அரைச்சு, சுத்தவிட்டு, வடிச்சு, அதுக்குள்ள என்னமோ தேடுறானுக. தேடி முடிச்ச பாத்திரத்த நான் கழுவுறேன். எனக்குன்னு ஒரு அறை, ஒரு பெரிய தொட்டி. தொட்டிக்கு எடது பக்கத்து மேசையில வச்சா அழுக்கு, அது எனக்கு. வலது பக்கத்துல வச்சா தொடக் கூடாது, அது அவங்களுக்கு. அவ்வளவுதான் சட்டம். மொத நாளே பெரியவர் என் ரெண்டு கையையும் புடிச்சு ஆட்டி ஆட்டிச் சொல்லிக் குடுத்தாரு. பெரியவர்னா இந்த எடத்துக்கே தலைவர், வெள்ளைக்காரர், ரொம்ப மெதுவா பேசுவாரு. எனக்குப் புரியணும்னு இல்ல, அவரு பழக்கமே அப்படி.

எடதுக்கு இவனுக பாசையில 'லிங்க்ஸ்'. அத எனக்குச் சொல்லிக் குடுத்தது நான் குடியிருக்கிற வீட்டுப் புள்ள ஷெரின். அப்பா அம்மா ரெண்டு பேரும் கெலிஓயாக்காரங்க, இதுக்கு ஆறு வயசு. அம்மா தமிழ்ல கேட்டா இது இவனுக பாசையில பதில் சொல்லும். என் செருப்ப எடுத்து வச்சு, "இது லிங்க்ஸ், இது ரெஹ்ட்ஸ். மாமா, இவ்வளவு பெருசா இருந்துக்கிட்டு எடது கால் தெரியாதா?"ன்னு கேட்டுச்சு. "எங்க லயத்து அறையில ஒரு சோடி செருப்பு ஆறு பேருக்கு, எந்தக் கால்னு எவன் பாத்தான்"னேன். "லயம்னா மிருகக்காட்சி சாலையா?"ன்னுச்சு. அவ அப்பன் சிரிச்சான். அம்மாகாரி சிரிக்கல.

அந்த ஆராய்ச்சி எடத்துல ஒரு தமிழ் டொக்டரம்மா. பேரு மங்கையர்க்கரசி. மொத நாள் அவங்க ஃபோன்ல தமிழ் பேசுறதக் கேட்டு எனக்குச் சந்தோசம் தாங்கல. ஈரக்கையோட ஓடுனேன்.

"அக்கா, எந்த ஊருக்கா?"

"யாழ்ப்பாணம். கண்டியில இருந்தனாங்கள்."

"கண்டியா! எத்தன வருசம்?"

"இருவத்திரண்டு. அப்பாவுக்கு அங்க அரசாங்க வேலை. படிச்சதும் அங்கதான், பேராதனை வரைக்கும்."

"யாழ்ப்பாணத்துல எத்தன வருசம்?"

"லீவுக்குப் போறனாங்கள்."

"அப்போ நீங்க கண்டிக்காரிதானேக்கா, சும்மா யாழ்ப்பாணம்னு ஏமாத்துறீங்க."

மொகம் போன போக்கப் பாக்கணும். "இஞ்ச பாரும். நான் உமக்கு அக்கா இல்லை. டொக்டர் எண்டு சொல்லும்."

"சரிங்க டொக்டர். ஊசி போடுவீங்களா?"

அன்னையில இருந்து பேச்சு இல்ல. பேச்சு இல்லாட்டியும் நான் 'அக்கா'ன்னு கூப்பிடுறத நிறுத்தல. மூஞ்சி சுளிக்கிறதப் பாக்க நல்லா இருக்கும்.

செவ்வாக்கிழமைக்கு முந்துன வாரம் ஒரு நாள், வெளிய இருந்து வந்த இன்னொரு தமிழ் ஐயாவோட அவங்க தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் கோப்பை எடுக்கப் போனேன். அந்த ஐயா என்னையப் பாத்து, "தம்பி எங்கட ஆளோ?"ன்னாரு. இவங்க என் பக்கம் திரும்பாமலே, "சீ, இல்லை. உவன் தோட்டக்காட்டான்"ன்னாங்க.

தோட்டத்துல பொறந்த நம்மளுக்குப் புது வசவா அது? கண்டி டவுன்ல கேக்காததா? ஆனா அஞ்சாயிரம் மைல் பிளேன்ல வந்து, பனியில வழுக்கி விழுந்து, எலி மூளை கழுவுற எடத்துலயும் அந்த வார்த்தை எனக்கு முன்னால வந்து கதிரை போட்டு ஒக்காந்திருக்கும்னு நான் நெனைக்கல. கோப்பைய எடுத்துக்கிட்டு வந்து கழுவுனேன். நல்லாவே கழுவுனேன்.

3

கழுவுற வேலை எனக்கு எங்க கெடச்சுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். மடவளையில ஹனீபா நானாவோட சாப்பாட்டுக் கடை. பள்ளிக்கூடத்த விட்ட வாரமே அங்க சேந்தேன். நானா சாமான் பாக்குற விதமே வேற. வெளிப்பக்கத்தப் பாக்க மாட்டாரு. சட்டிக்குள்ள கைய விட்டு, அடியில வெரல வச்சு ஒரு சுத்து சுத்துவாரு. வெரல்ல ஏதாவது ஒட்டுச்சோ, போச்சு.

"என்ன மகன் இது? இன்னும் ஈக்கிதே அடியில!"

"கறை நானா, போகாது."

"போகாத கறைய நான் காணல்ல. போகாத சோம்பேறியத் தான் கண்டீக்கன். தேய்!"

அஞ்சு வருசம் தேச்சேன். அடின்னா அடி. எத வேணும்னாலும் மேல விட்டுறலாம், அடியில ஒரு துளி விடக் கூடாது. இந்த விரலுக்கு இன்னைக்கும் வேற ஒண்ணும் தெரியாது. சுவிஸ்காரன் மெசின்ல போடச் சொல்லுற குழாயக் கூட நான் மொதல்ல அடியத் தேச்சிட்டுத்தான் போடுவேன். பெரியவரே ஒரு நாள் தூக்கிப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு.

செவ்வாக்கிழமைக்கு வாறேன். காலையில மங்கையக்கா ஒரு தட்டோட என் அறைக்குள்ள வந்தாங்க. தட்டுல ஆறு குழாய். கதவுக்கு வெளிய அவங்க ஃபோன் மணி அடிச்சுச்சு. தட்ட வச்சுட்டு ஓடுனாங்க. வச்ச எடம் எடது பக்கம்.

குழாய எடுத்துப் பாத்தேன். மேல தெளிஞ்ச தண்ணி. அடியில வெள்ளையா, பொட்டு மாதிரி, சளி காஞ்ச மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. குலுக்குனேன், போகல. தண்ணிய ஊத்துனேன், போகல. எனக்கு ரோசம் வந்துருச்சு. பிரஷ்ஷ விட்டேன்.

உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், வாசிக்கிறவன் கொஞ்சம் மெதுவா வாசி. அந்தத் தட்டுல ஐஸ் இருந்துச்சு. குழாயெல்லாம் ஐஸ்ல குத்தி நின்னுச்சு. அழுக்குச் சாமான எவனும் ஐஸ்ல வச்சுக் கொண்டு வரமாட்டான், அது எனக்குத் தெரியும். ஐஸப் பாத்தேன். 'எடது பக்கம் வச்சா அழுக்கு, அதான் சட்டம், சட்டத்தப் போட்டது நானா?'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். தோட்டக்காட்டானுக்கு ஐஸப் பத்தி என்ன தெரியும்?

4

கால் மணி நேரத்துல அவங்க திரும்பி வந்தாங்க. கவுத்து வச்சிருந்த குழாயப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. மறுபடி குழாயப் பாத்தாங்க.

"என்ன செய்தனீர்?"

"கழுவுனேன்."

"எல்லாத்தையுமோ?"

"அடி வரைக்கும்."

சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன். போடல. தரையில ஒக்காந்துட்டாங்க, அந்த ஈரத் தரையில, வெள்ளைக் கோட்டோட.  சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"நீர் கழுவினது என்னெண்டு தெரியுமோ?"

"அழுக்கு."

"அது தான் எல்லாம்" னாங்க. "ஏழு கிழமை. இனி முதல்ல இருந்து."

பொறகு பேசிக்கிட்டே போனாங்க, என்கிட்ட இல்ல, சொவத்துல ஒட்டியிருந்த படத்துக்கிட்ட. அந்தப் படத்த நான் தெனமும் தொடைக்கிறேன். ரெண்டு பெரிய குமிழ், நடுவுல ஒரு நூல் எடைவெளி. ரெண்டும் தொடாது. அது ரெண்டு மூளைக் கலம் சந்திக்கிற எடமாம். மேல இருக்கிறது ஒரு மருந்த அந்த எடைவெளியில தெளிக்கும், அதுதான் சேதி. கீழ இருக்கிறதோட தோல்ல அந்தச் சேதிய வாங்குறதுக்குன்னே சில புரதம் நிக்குது. ஏற்பின்னு சொன்னாங்க.

"ஏற்பி சும்மா நிக்கேலாது" ன்னாங்க. "தோல் எண்டா எண்ணெய் மாதிரி. எல்லாம் மிதந்து திரியும். தெளிக்கிற இடத்துக்கு நேர் கீழ இல்லாட்டி சேதி வந்தும் பிரயோசனம் இல்லை. அதால தோலுக்குக் கீழ ஒரு பாய் மாதிரி, நெருக்கமாப் பின்னின புரதங்கள் இருக்கு. ஏற்பியின்ர வாலை அதுதான் பிடிச்சு வைக்கும். சேதியக் கொண்டுபோற மற்றப் புரதங்களையும் அதே பாய் தான் பக்கத்திலயே கட்டி வைக்கும்."

"பெரட்டு மாதிரி" ன்னேன். வாய் சும்மா இருக்கல.

"என்ன?"

"காலையில தோட்டத்துல பெரட்டுக்களத்துல எல்லாரும் வரிசையா நிக்கணும்ல, பேர் கூப்புட. தொரை சொல்றது கேக்குற தூரத்துல ஆளுக. ஆளுக பக்கத்துலயே கங்காணி, கங்காணி பக்கத்துல கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளை போய் மலை உச்சியில நின்னா வேல நடக்குமா?"

 "ஓம்" ன்னாங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு. நான் சொன்னது சரியா இருந்தது அவங்களுக்குப் புடிக்கல. "அந்தப் பாயைத் தான் நான் பிரிச்செடுத்தனான். மூளையச் சவர்க்காரம் மாதிரி ஒண்டு போட்டுக் கழுவுவம். கொழுப்பு, தோல் எல்லாம் கரைஞ்சு போயிடும். பாய் கரையாது. பாய் பிடிச்சு வைச்சிருக்கிற ஏற்பியும் போகாது. கழுவக் கழுவப் போகாம அடியில நிக்கிறது எதுவோ, அதுதான் எங்களுக்கு வேணும். விளங்குதோ?"

வெளங்குச்சு. ஒலகத்துல எவனாலயும் கழுவ முடியாதத மடவளையில சட்டி தேச்ச ஒருத்தன் கழுவிட்டான். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

"சேதி வராமலே இருந்தா?" ன்னு கேட்டேன்.

"ஏற்பிய உள்ள இழுத்துப் போடும். திரும்பத் திரும்ப வந்தா இன்னும் கொண்டுவந்து நெருக்கி நிப்பாட்டும். அப்ப சின்னச் சத்தமும் பெரிசாக் கேக்கும்."

"அடிச்சு அடிச்சுச் சொன்னாலுமா?"

என்னைய மொத மொறையா நேராப் பாத்தாங்க. "பயமும் சேதிதான்" ன்னாங்க. எழும்பிக் கோட்டத் தட்டிக்கிட்டு, "வெள்ளிக்கிழமை பெரியவரிட்டப் போறம். நான் உம்மைப் பற்றி எழுதிக் குடுத்தாச்சு எண்டு வையும்" னு சொல்லிட்டுப் போனாங்க.

5

எங்கண்ணன் மரியான உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா? டவுன்ல துணிக்கடையில நின்னவன். ரெடிமேட் சட்டை போட்டுக்கிட்டு, நம்மளையெல்லாம் பாத்தா பாக்காத மாதிரி போவானே, அவன். எண்பத்து மூணு கலவரத்துல லயத்துக்கு நெருப்பு வச்சப்போ என்னைய இடுப்புல தூக்கிக்கிட்டுத் தேயிலைக்குள்ள ஓடுனதும் அவன்தான். அவனுக்கு அப்போ பத்து வயசு.

கண்டியில குண்டு வெடிச்சுச்சே, அந்த வருசம் அடையாள அட்டை இல்லாத நம்மளுக்கெல்லாம் தோட்டத்துத் தொரை ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாரு, இன்னார் என் தோட்டத்து ஆளுன்னு. அத வச்சுக்கிட்டுத்தான் டவுனுக்குப் போகணும். ஒரு நாள் புதுச் சட்டை போட்டுக்கிட்டுக் கடிதத்தப் பழைய சட்டையில விட்டுட்டுப் போனான். பஸ்ஸ விட்டு எறக்கிப் பொலிசுக்குக் கொண்டு போயிட்டானுக.

எந்தப் பொலிசுன்னு எழுத மாட்டேன். சேதி கேட்டு அம்மா கொழுந்துக் கூடையப் போட்டுட்டு ஓடிருச்சு. எனக்கு மடவளைக்குச் சேதி வர மதியம் ஆச்சு. நான் லயத்துக்குப் போயி, அந்தப் பழைய சட்டையில இருந்து கடிதத்த எடுத்து, என் சட்டப்பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறுனேன். பொலிசுக்கு எதுத்தாப்புல எறங்குனேன். பஸ் ஹோல்ட்டுல நின்னேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டு வாசல்ல அம்மா. அம்மாவுக்குச் சிங்களம் ஒரு வார்த்தை வராது. பக்கத்துல ஒரு யாழ்ப்பாணத்து கிளாக்கர், ஏதோ அரசாங்க ஒபீஸ்ல வேலை, அவரும் அன்னைக்குத் தன் வாடகை அறையப் பதிய வந்து வரிசையில நிக்கிறாரு. அம்மா அவரக் கும்புட்டுக் கும்புட்டுப் பேசுது. பொலிசுக்காரன் அவருகிட்ட, இவ என்ன சொல்றான்னு கையாலயே கேக்குறான். அவரு ரெண்டு வார்த்தை சொன்னாரு. அவ்வளவுதான். பொலிசுக்காரன் அம்மாவ ஓரமாத் தள்ளுனான். அம்மா ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னுருச்சு, சொவத்தப் பாத்து. ரொம்ப நேரம்.

எனக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும். அஞ்சு வருசம் கடையில நின்னவன். கடிதம் என் பையில. ரோடு இருவதடி. ஆனா கேட்டுக்குள்ள என் வயசுப் பயலுக ஏழெட்டுப் பேர முட்டி போட வச்சிருந்தானுக. என் கால் நகரல. ஒரு பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

ராவைக்கு அம்மா வந்து, "அந்த ஐயாகிட்ட, எம்மவனுக்குத் தொரை கடிதம் இருக்கு, வீட்டுல விட்டுட்டான்னு சொல்லச் சொன்னேன். அவரு 'தன்னே நே'ன்னு சொன்னாருடா. அப்படின்னா என்ன?" ன்னு கேட்டுச்சு.

"தெரியாதுன்னு அர்த்தம்மா" ன்னேன். கடிதத்தக் கையில குடுத்து, "இப்பத்தான் சட்டையில இருந்து எடுத்தேன்" னு சொன்னேன்.

மறுநாள் அம்மா கடிதத்தோட போனப்போ அண்ணன வேற எடத்துக்கு மாத்திட்டானுக. ஒம்பது மாசம். அவன் உள்ள இருக்கும்போதே என்னைய இங்க அனுப்பிட்டாங்க. இப்ப வெளிய வந்துட்டான். துணிக்கடைக்குப் போறதில்ல, கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்குத் தூக்குறான். நல்லாத்தான் இருக்கான்னு அம்மா சொல்லுது. யாராவது கொஞ்சம் சத்தமா பேரக் கூப்பிட்டா மட்டும், எந்த வேலையில இருந்தாலும் எழும்பி, ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி வச்சுக்கிட்டு, "இருக்கேங்க" ன்னுவான். அம்மா சோத்துக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். கழுவக் கழுவப் போகல.

அந்த கிளாக்கர இந்த மூணு வருசமா நான் திட்டாத நாள் இல்ல. யாழ்ப்பாணத்துக் கொரல் எங்க கேட்டாலும் எனக்கு 'தன்னே நே' தான் கேக்குது.

6

வெள்ளிக்கிழமை பெரியவர் அறைக்கு வெளிய நானும் மங்கையக்காவும். உள்ள எனக்காக மொழிபெயர்க்கப் போறது யாரு? வேற தமிழ் ஆள் அந்தக் கட்டடத்துல இல்ல. குத்தம் சொல்றவங்களே என் வாயும்.

"என்ன சொல்லப் போறீர்?" ன்னாங்க.

"நீங்க எடது பக்கம் வச்சீங்கன்னு."

"நான் அப்பிடி வைக்கேல்ல."

"வச்சீங்க. ஃபோன் அடிச்சுச்சு, வச்சுட்டு ஓடுனீங்க."

கீழ பாத்தாங்க. "கண்டியில இருந்து அம்மா. அப்பாவ விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போயிட்டினம் எண்டு. அண்டைக்குப் பின்னேரமே விட்டிட்டினம்." பொறகு வேகமா, "அதை உள்ள சொல்லத் தேவையில்லை. எனக்கும் மார்கழியோட வேலைக் கொன்ராக்ற் முடியுது. பிழை என்னிலயெண்டா புதுக்க மாட்டினம். உமக்கென்ன, வேற இடத்தில கோப்பை கழுவலாம்."

"நீங்களும் வேற எடத்துல மூளை கழுவலாம்."

"பகிடி விடாதையும்!"

"எனக்கு இந்தக் கடிதம் இல்லாட்டி பிளேன்க்கா. உங்கப்பாவ சாயங்காலம் விட்டுட்டானுக. எங்கண்ணன சாயங்காலம் விடல."

கதவு தெறந்துச்சு.

பெரியவர் மெதுவா என்னமோ கேட்டாரு. அக்கா என் பக்கம் திரும்பி, "என்ன நடந்ததெண்டு சொல்லட்டாம்." நான் தமிழ்ல சொன்னேன், சின்னதா, ஒண்ணையும் விடாம. இல்ல, ஐஸ விட்டுட்டேன். "தட்டு எடது பக்கம் இருந்துச்சு, எடது பக்கம் இருந்தா கழுவணும், கழுவுனேன்."

அக்கா பேச ஆரம்பிச்சாங்க. இவனுக பாசையில எனக்கு ஒரு நாப்பது வார்த்தை தெரியும். அழுக்கு, சுத்தம், நாளைக்கு, மன்னிக்கணும், எடது, வலது. அந்த ஒரு வார்த்தைக்காகக் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஏழு வாரம்னு வந்துச்சு. குழாய் வந்துச்சு. என் பேர் வந்துச்சு. மன்னிக்கணும் வந்துச்சு, நான் கேக்காத மன்னிப்பு. லிங்க்ஸ் வரல. பேசி முடிச்சாங்க. பெரியவர் மேசையில பேனாவத் தேடுனாரு.

ரோடு இருவதடி.

"லிங்க்ஸ்" ன்னேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பெரியவர் நிமிந்தாரு. நான் எடது கையத் தூக்கி, தட்டு வைக்கிற மாதிரி வச்சுக் காட்டி, இன்னொரு வாட்டி, "லிங்க்ஸ்" ன்னேன். அவரு அக்காவப் பாத்தாரு.

அக்கா என்னையப் பாத்துத் தமிழ்ல, "நான் இப்ப என்னத்தச் சொல்ல?" ன்னாங்க.

"நான் சொன்னதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாங்க. பொறகு சொன்னாங்க. ரொம்பச் சின்னதா. அதுல 'நான்' இருந்துச்சு, 'வச்சேன்' இருந்துச்சு, அந்த வார்த்தையும் இருந்துச்சு. பெரியவர் பெருமூச்சு விட்டாரு. கடிதத்த எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு. அக்காவோட கொன்ராக்ற் பத்தி அவரு அன்னைக்கு ஒண்ணும் பேசல.

வெளிய வந்ததும் நான், "ரொம்ப நன்றிக்கா" ன்னேன்.

"உம்மில இரக்கப்பட்டெண்டு நினையாதையும்" னாங்க. "அக்கா எண்டும் சொல்லாதையும்."

7

அன்னைக்குச் சாயங்காலம் தோட்டத்துக் கடைக்கு ஃபோன் போட்டேன். நீங்க யாரோதான் ஓடிப்போய் அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தீங்க, நன்றி. கடிதம் கெடச்சுருச்சுன்னு சொன்னேன். மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துறேன்னுச்சு. பக்கத்துல அண்ணன் நிக்கிறான்னுச்சு. "மரியான், தம்பிடா" ன்னு அம்மா கூப்பிட, ஃபோனுக்கு அந்தப் பக்கம் "இருக்கேங்க" ன்னு கேட்டுச்சு.

அப்பறம்தான் வாய் தெறந்துச்சு. ஒரு வாட்டி தெறந்த வாய், அதனால போல.

"அம்மா. அன்னைக்கு அந்தப் பொலிசுக்கு எதுத்தாப்புல நான் நின்னேம்மா. பஸ் ஹோல்ட்டுல. கடிதம் என் பையில இருந்துச்சு. நான் வரல."



"தெரியும்டா" ன்னுச்சு அம்மா. "பாத்தேன். சட்டப்பையப் பொத்திக்கிட்டு நின்ன."

"பாத்தியா?"

"கையக் காட்டி, வராதன்னு சொல்ல நெனச்சேன். கையக் காட்டுனா அவனுக திரும்பி உன்னையப் பாத்துருவானுக. அதான் முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். நீ போற வரைக்கும் நான் திரும்பலைல?"

ஃபோன் அட்டையில காசு முடிஞ்சு லைன் அறுந்துருச்சு. நல்லதாப் போச்சு.

இதுக்கு மேல என்ன எழுதுறது? இங்க வராதீங்க. வந்தா அடியப் பாத்துக் கழுவுங்க. மங்கையக்கா திங்கக்கிழமை மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க, புது எலி, புதுக் குழாய். ஐஸப் பாத்துட்டுத்தான் கழுவுனேன்னு அவங்ககிட்ட நான் இன்னும் சொல்லல. சொன்னா அவங்க கொன்ராக்ற் தப்பும், என் கடிதத்தப் பெரியவர் திருப்பிக் கேட்டாலும் கேப்பாரு. அட்டை கைக்கு வர்றது புதன்கிழமை.

வியாழக்கிழமை சொல்லிருவேன்.